குழாய் வெடித்தது நொடியில்... வாயுவை நிறுத்த 95 நிமிடம்! எரிவாயு நிறுவனங்களை ஏன் கண்காணிக்க வேண்டும்?

2010 செப்டம்பர் 9, மாலை 6.11 மணி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சான் புருனோ நகரம். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். ஒரு குடியிருப்புப் பகுதியில் திடீரென தெரு பிளந்து, தீப்பிழம்பு வானத்துக்கு எழுந்தது. 'விமானம் விழுந்துருச்சு போல' என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள்.

ஆனால், வெடித்தது தெருவுக்கு அடியில் சென்ற 30 அங்குல விட்டமுள்ள இயற்கை எரிவாயுக் குழாய். 8 பேர் உயிரிழந்தனர். 38 வீடுகள் அழிந்தன. சுமார் 28 அடி நீளமுள்ள குழாய்த் துண்டு ஒன்று, 100 அடி தள்ளிப் போய் விழுந்தது.

இந்த விபத்தில் மறக்கக் கூடாத இன்னொரு எண் 95. குழாய் உடைந்த பிறகு வாயுவை நிறுத்த ஆன நிமிடங்கள் அவை. அதுவரை தீக்குத் தீனி போய்க்கொண்டே இருந்தது.

குழாய் ஏன் வெடித்தது?

குழாயை நடத்தியது பி.ஜி. அண்ட் இ. என்ற தனியார் நிறுவனம். 1956-ல் பதித்த குழாய் அது. நிறுவனத்தின் ஆவணத்தில் 'இணைப்பு இல்லாத முழுக் குழாய்' என்று எழுதியிருந்தது. மண்ணுக்குள் இருந்ததோ, பற்றவைத்து ஒட்டிய குழாய். அதிலும் சில துண்டுகளில் பற்றவைப்பு அரைகுறை.

அன்றைக்கு வேறு ஊரில் உள்ள முனையத்தில் மின்சார வேலை நடந்தது. அதில் ஏற்பட்ட கோளாறால் குழாயில் அழுத்தம் ஏறியது. ஏறியும்கூட, அனுமதிக்கப்பட்ட அளவான 400 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவில்லை. 386-லேயே குழாய் கிழிந்தது. அதாவது, அந்த 400 என்ற அளவே குழாயின் உண்மையான பலத்துக்குப் பொருந்தாத எண்!

முன்பே சோதித்திருக்கலாமே?

சோதித்திருக்கலாம். குழாய்க்குள் தண்ணீரை நிரப்பி, வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். பலவீனமான இடம் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். 1970-ல் வந்த அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் புதிய குழாய்களுக்கு இப்படிப்பட்ட சோதனையைக் கட்டாயமாக்கின. ஆனால், ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்த பழைய குழாய்களுக்கு விலக்கு கொடுத்தன. எதை முதலில் சோதிக்க வேண்டுமோ, அதற்கே விலக்கு.

95 நிமிடம் ஏன் ஆனது?

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-ல் வெளியிட்ட அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது. வால்வுகளைத் தொலைவிலிருந்து மூடும் வசதி அங்கே இல்லை. ஆள் போய், கையால் மூட வேண்டியிருந்தது. பெரிய குழாய் உடைந்தால் யார் தலைமை ஏற்பது, யார் முடிவெடுப்பது என்று நிறுவனத்திடம் தெளிவான நடைமுறை இல்லை. கட்டுப்பாட்டு அறை 911 அவசர எண்ணுக்குத் தகவல் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய குழாய் தங்கள் ஊருக்கு அடியில் போவது உள்ளூர் தீயணைப்புத் துறைக்கே தெரிந்திருக்கவில்லை.

தண்டனை என்ன?

கலிஃபோர்னியாவின் பொதுச்சேவை ஒழுங்குமுறை ஆணையம் 2015-ல் அந்த நிறுவனத்துக்கு 160 கோடி டாலர் அளவுக்கு அபராதம் மற்றும் செலவினங்களை விதித்தது. பாதுகாப்புச் சட்டத்தை மீறியது, விசாரணைக்கு இடையூறு செய்தது ஆகிய குற்றங்களில் 2016-ல் நீதிமன்றமும் நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. அதேநேரம், கண்காணிக்க வேண்டிய ஆணையமும் கோட்டைவிட்டது என்று விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

விதிகள் மாறினவா?

மாறின, மெதுவாக. விலக்கு பெற்றிருந்த பழைய குழாய்களின் பலத்தை, மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் மறுபடி உறுதிசெய்யச் சொல்லும் விதி 2019-ல்தான் வந்தது. அதை முழுதாக முடிக்க 2035 வரை அவகாசம். 2022-ல் வந்த விதிப்படி, 6 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள புதிய பெருங்குழாய்களில், உடைப்பு உறுதியான 30 நிமிடத்துக்குள் வால்வை மூடியாக வேண்டும். பழைய குழாய்களை முழுதாக மாற்றும்போதுதான் இந்த விதி அவற்றைத் தொடும்.

சரி, நமக்கு இதில் என்ன?

ஆந்திராவின் கோனசீமா பகுதியில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமத்தில், 2014 ஜூன் 27 அதிகாலை கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தூரத்து அமெரிக்காவின் பிரச்னை மட்டுமல்ல இது.

தமிழ்நாட்டிலும் சிலிண்டருக்குப் பதிலாகக் குழாய் வழியே எரிவாயு தரும் திட்டங்கள் விரிவடைந்து வருகின்றன. இந்தியாவில் இதைக் கண்காணிப்பது, 2006-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். நிறுவனங்கள் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஒத்திகை நடத்த வேண்டும், மாவட்ட நிர்வாகத்தோடு ஒருங்கிணைய வேண்டும் என்று அதன் 2010 விதிமுறைகள் சொல்கின்றன. விதி இருக்கிறது. ஒத்திகை நிஜமாகவே நடக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

- வீட்டுக்கு வரும் எரிவாயுவில், கசிந்தால் தெரிவதற்காகவே வாடை கலந்திருப்பார்கள். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகே போன் செய்யுங்கள்.
- நிறுவனத்தின் அவசர எண்ணை இப்போதே போனில் சேமித்துவையுங்கள்.
- தெருவில் ஜேசிபி தோண்டுகிறதா? கீழே குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள். தோண்டும் முன் தகவல் சொல்வதற்கென்றே 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியை மத்திய அரசு 2023-ல் தொடங்கியது.
- இணைப்பு தர வருபவரிடம் மாதக் கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: "எங்க தெருக் குழாய் உடைஞ்சா, எத்தனை நிமிஷத்துல வால்வை மூடுவீங்க? யார் மூடுவாங்க?"

சான் புருனோவில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில், விபத்துக்கு முன்பு யாரிடமும் இல்லை.