ஆஃப் என்றால் ஆஃப்

மூன்று கட்டை டார்ச் லைட் இருந்த வீட்டுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. இரவு முறையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும் வைத்தியரை அழைத்துவர ஓடுகிறவரும் அந்த வீட்டுத் திண்ணையில் வந்துதான் நிற்பார்கள். "பார்த்து அடிப்பா, போன வாரந்தான் கட்டை மாத்துனது" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்கள். அப்போது பேட்டரிக் கட்டைக்குத்தான் காசு. லைட் ஒருமுறை வாங்கினால் இருபது வருடம் கிடக்கும்.

பெரும்பாலும் எவரெடி, இல்லையென்றால் ஜீப். பித்தளையிலோ தகரத்திலோ ஒரு குழல், முன்னால் கண்ணாடியும் பளபளப்பான கிண்ணமும், பின்மூடியில் ஒரு சுருள்கம்பி. அந்தச் சுருளின் நடுவே உபரி பல்பு ஒன்றைச் செருகி வைக்க இடமும் சில மாடல்களில் உண்டு. உள்ளே 1.5 வோல்ட் கட்டைகள். ஒன்று ஏறக்குறைய 100 கிராம். மூன்று போட்டால் கட்டை மட்டுமே 300 கிராம். நாயை விரட்டவும் அந்தக் கனம் உதவியது.

சுவிட்சின் வேலை எளிது. முன்னே தள்ளினால் உள்ளே ஒரு தகடு இன்னொரு தகட்டைத் தொடும். பின்னே இழுத்தால் விலகும். விலகிய இடத்தில் இருப்பது வெறும் காற்று. காற்றைத் தாண்டி மூன்று கட்டையின் நாலரை வோல்ட் எங்கும் போகாது. நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவர் 1899இல் காப்புரிமை பெற்ற கைவிளக்கும் இப்படித்தான், தொட்டால் எரியும், விட்டால் அணையும். அதற்குப் பிறகு எத்தனையோ பத்தாண்டுகள் இந்த அடிப்படையை யாரும் மாற்றவில்லை.

அதற்காக அந்த லைட் பழுதாகாமல் இருந்ததென்று சொல்ல முடியாது. அடிக்கடி பழுதானது. கீழே விழுந்தால் பல்பின் இழை அறுந்தது. சுவிட்சுத் தகட்டில் களிம்பு ஏறி, தட்டினால் எரிந்து தட்டாவிட்டால் அணைந்தது. எல்லாவற்றையும்விட மோசம் கட்டை கசிவது. துத்தநாகக் கூடு கரைந்து ஓட்டை விழுந்து, உள்ளே இருக்கும் உப்புக்குழம்பு வழிந்து சுருள்கம்பியை அரித்துவிடும்; கட்டை குழலோடு ஒட்டிக்கொள்ளும், தரையில் தட்டித் தட்டித்தான் எடுக்கவேண்டும். ஆனால் இந்த நோய் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தது. உப்புத்தாளால் தேய்த்தோ, தகட்டை நகத்தால் நெம்பிவிட்டோ, சிகரெட் அட்டையின் ஈயத்தாளை மடித்து அடியில் வைத்தோ பத்து வயதுப் பையன் சரிசெய்துவிடுவான். லைட்டுக்கு ஆகாத கட்டை வெயிலில் காய்ந்து இன்னும் ஓரிரு இரவு எரியும். அதற்கும் ஆகாவிட்டால் ரேடியோவுக்குப் போகும்.

வெளிச்சம் என்று பார்த்தால் அது ஏழை வெளிச்சம்தான். இழை பல்பு ஒரு வாட்டுக்குப் பத்துப் பதினைந்து லூமன் தந்தாலே அதிகம். பிரகாசமான நீல எல்இடியை ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தில் இருந்த நாகமுரா 1993இல் காட்டினார். அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை எல்இடி சில ஆண்டுகளில் வந்தது. நீல எல்இடிக்காக 2014இல் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் நோபல் பரிசு. இன்று சாதாரண எல்இடியே வாட்டுக்கு 100 லூமனைத் தாண்டுகிறது, கீழே போட்டாலும் இழை அறுவதற்கு அதில் இழை கிடையாது. 300 கிராம் கட்டைக்குப் பதில் 45 கிராம் எடையுள்ள 18650 என்ற லித்தியம் செல் ஒன்று போதும். வரப்பில் கிடக்கும் பாம்பு இருபதடிக்கு முன்பே தெரிகிறது. பழைய லைட்டில் காலடிக்கு வந்த பிறகுதான் தெரியும். இந்த லாபத்தைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட வேலை.

மாறியது வெளிச்சம் மட்டுமல்ல, சுவிட்சும் மாறியது. தள்ளுகிற சுவிட்ச் இருந்த இடத்தில் ரப்பர் உறை போட்ட சிறு பொத்தான். ஒரு அழுத்து மங்கல், மறு அழுத்து பிரகாசம், அழுத்திப் பிடித்தால் அணைப்பு, இருமுறை தட்டினால் மின்னி மின்னி எரிவது. விளக்குக்குப் போகும் மின்சாரம் இந்தப் பொத்தான் வழியாகப் போவதில்லை. பொத்தான் ஒரு சிப்புக்குச் சொல்கிறது, சிப் விளக்கை ஏற்றுகிறது. நாம் எப்போது அழுத்துவோம் என்று அதற்குத் தெரியாது. ஆகவே கண்ணை மூடினாலும் காதைத் திறந்து வைத்திருக்கும் காவலாளிபோல, அணைந்திருக்கும் நேரமெல்லாம் சிப் செல்லோடு இணைந்தே இருக்கிறது. அதற்கும் சாப்பாடு வேண்டும்.

நன்றாகச் செய்த லைட்டில் அந்தச் சாப்பாடு பொருட்டே அல்ல. தூங்கும் சிப்புக்கு ஒரு மைக்ரோ ஆம்பியரே அதிகம். சுற்றியுள்ள உறுப்புகளையும் சேர்த்துப் பத்து என்றாலும் 3,000 மில்லி ஆம்பியர்-மணி செல் காலியாக 34 ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே செல் தானாக வடிந்துவிடும். கோளாறு மலிவாகச் செய்ததில்தான். சிப்பைத் தூங்கவைக்க மறந்த நிரல், செல்லின் அளவைப் பார்க்க நிரந்தரமாகக் கோத்த மின்தடைகள், பொத்தானுக்கு அடியில் அழகுக்கு எரியும் பச்சைப் பொட்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு மில்லி ஆம்பியரை எளிதில் தொடும். ஒரு மில்லி ஆம்பியரில் அதே செல்லுக்கு ஆயுள் 125 நாள். ஆடிப்பெருக்கன்று முழுதாக சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்தால், திருக்கார்த்திகைக்கு அகல் ஏற்றும் நாட்களில் டார்ச் காலி. சிறிய மூன்று ஏஏஏ செல் போட்ட லைட் என்றால் ஆறு வாரம்.

"ஆஃப்லயேதான்ணே கிடந்துச்சு, எப்படி சார்ஜ் போச்சு?" என்று ரிப்பேர் கடையில் கேட்பார்கள். கடைக்காரர் மில்லி ஆம்பியருக்குத் திருப்பிய மீட்டரை எடுப்பார். பின்மூடியைக் கழற்றி, ஒரு முனையைச் செல்லின் அடியிலும் மறுமுனையைக் குழலின் விளிம்பிலும் வைப்பார். எண் முதலில் துள்ளும், பிறகு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். விளக்கு எரியவில்லை, எண் மட்டும் நிற்கிறது. பழைய மூன்று கட்டை லைட்டில் இதே சோதனையைச் செய்தால் பூஜ்யத்தைத் தவிர வேறு வராது.

காலியாவதோடு போனால்கூடப் பரவாயில்லை. லித்தியம் செல் 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் உள்ளிருக்கும் செம்புத்தகடு கரையத் தொடங்கும். அதை மறுபடி சார்ஜில் போடுவது ஆபத்து, தூக்கியெறிவதே சரி. சிப் குழம்பி நின்றுவிட்டால் எத்தனை முறை அழுத்தினாலும் பதில் இல்லை. செல்லைக் கழற்றி மாட்டினால்தான் விழிக்கும். சட்டைப் பையில் பொத்தான் அமுங்கி, துணி சுடும் அளவுக்குச் சூடாவதும் உண்டு. இவற்றில் ஒன்றுக்கும் உப்புத்தாள் உதவாது. உள்ளே ஒட்டி மூடிய யூஎஸ்பி லைட் என்றால் திறந்து பார்க்கவும் வழியில்லை.

கரையோர மாவட்டங்களில் டார்ச் என்பது வருடத்தில் பெரும்பகுதி சும்மா கிடந்து, சில இரவுகளுக்கு மட்டும் கட்டாயம் வேண்டியிருக்கிற பொருள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்த பிறகு பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட இரவுக்கு, எவ்வளவு பிரகாசம் என்பதைவிட, எடுத்தவுடன் எரியுமா என்பதே முதல் கேள்வி. என்னைக் கேட்டால், எல்இடியும் வேண்டும், தகடு தொட்டு விலகும் பழைய சுவிட்சும் வேண்டும். பின்மூடியில் 'கிளிக்' என்று விழும் சுவிட்சோடு அப்படிப்பட்டவை இன்றும் கிடைக்கின்றன, கேட்டு வாங்கவேண்டும்.

ஏற்கெனவே பொத்தான் லைட்டை வாங்கிவிட்டவர்கள் ஒன்று செய்யலாம். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எரியவில்லையென்றால் தொடர்பு உண்மையாகவே அறுந்துவிட்டது; அப்படியே வைக்கலாம். எரிந்தால், செல்லைக் கழற்றித் தனியே வையுங்கள். பொத்தானை 'லாக்' செய்துவிட்டோம் என்று நம்பவேண்டாம். அது பொத்தானின் வாயைத்தான் அடைக்கும், சிப்பின் வாயை அல்ல. கழற்றவே முடியாத லைட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். புயல்காலத்துக்கு முன், புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை எரித்தும் பார்த்துவிடுங்கள்.