ஹலால் என்பதோடு முடிந்துவிடுமா? நம் தட்டில் இருக்க வேண்டியவை

கறிக்கடைக்குப் போனாலும், புதிய ஊரில் உணவகம் தேடினாலும், வெளிநாட்டு மிட்டாய் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி, 'இது ஹலாலா?' என்பதுதான். சிறுபிள்ளைகள்கூட இதில் கவனமாக இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் திருக்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும் இடங்களில் 'ஹலால்' என்ற சொல்லோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது (2:168). தய்யிப் என்றால் தூய்மையானது, நல்லது, நன்மை தருவது. முதல் சொல்லைப் பிடித்துக்கொண்ட அளவுக்கு இரண்டாவது சொல்லை நாம் பிடித்துக்கொண்டோமா?

நம் நாட்டின் நிலையைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் மட்டும் பார்த்தால் 100-க்கு 53 பேர். இந்த நோய்கள் மதம் பார்த்து வருவதில்லை. ஒரே வீட்டில் வாப்பாவுக்குச் சர்க்கரை, உம்மாவுக்கு இரத்தக்குறைவு, பிள்ளைக்கு வயதுக்கு மீறிய எடை என்று மூன்றும் சேர்ந்திருப்பதை நம் தெருக்களிலேயே பார்க்கிறோம். மூன்று பேரும் சாப்பிடுவது ஒரே அடுப்பில் சமைத்த உணவுதான்.

உணவு செய்யும் மூன்று வேலைகள்

உணவு நம் உடலில் மூன்று வேலைகளைச் செய்கிறது. சக்தி தருகிறது, உடலைக் கட்டுகிறது, பாதுகாக்கிறது.

சக்தி தருபவை மாவுச்சத்தும் கொழுப்பும். அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை ஆகியவற்றில் மாவுச்சத்து இருக்கிறது. எண்ணெய், நெய், தேங்காய், கறியின் கொழுப்பு ஆகியவை இரண்டாவது வகை. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும் என்றால், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். செலவாகாத கலோரி உடலில் கொழுப்பாகத் தங்கிவிடும்.

உடலைக் கட்டுவது புரதம். தசை, தோல், இரத்தம், நோய் எதிர்ப்புச் சக்தி எல்லாவற்றுக்கும் இது வேண்டும். பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி, பால் ஆகியவற்றில் இருக்கிறது.

பாதுகாப்பவை வைட்டமின்களும் தாது உப்புகளும். இவை மிகச் சிறிய அளவில்தான் தேவை. ஆனால் அந்தச் சிறிய அளவு கிடைக்காவிட்டால் உடல் தளர்ந்துவிடும். காய்கறி, கீரை, பழம், மீன், முட்டை, பால் இவற்றில் கிடைக்கும். காய்கறியிலும் முழுத் தானியத்திலும் இருக்கும் நார்ச்சத்து, மலச்சிக்கலைத் தடுப்பதோடு இரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறாமலும் பார்த்துக்கொள்கிறது.

வயிறு நிறைந்தால் போதாது

'மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிறோம், சத்துக் குறைவு எப்படி வரும்?' என்று பலர் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு.

1890-களில் இன்றைய இந்தோனேசியாவின் ஜாவா தீவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் 'பெரிபெரி' நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால்கள் வலுவிழந்து, இதயம் பாதித்து மனிதர்களைக் கொன்ற நோய் அது. அவரது ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் அதே போன்ற நோய் வந்தது. அவை மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தன. தவிடு நீக்காத அரிசிக்கு மாறியதும் குணமடைந்தன. அரிசியின் மேல்தோலில் இருக்கும் ஏதோ ஒன்று உயிரைக் காக்கிறது என்று தெரிந்தது. அது இன்று நாம் வைட்டமின் பி1 என்று சொல்லும் தயமின். எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இதற்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. பெரிபெரியை ஆராய 1918-இல் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான், பின்னர் வளர்ந்து ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

நம் முன்னோர் நெல்லை அவித்து, காயவைத்துக் குத்திய புழுங்கல் அரிசியும் இங்கே நினைக்கத்தக்கது. அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பளபளவென்று தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் தயமின் கூடுதலாக இருப்பது இதனால்தான். ஆக, வயிறு நிறைவது வேறு, உடலுக்குச் சத்துச் சேர்வது வேறு.

தட்டைப் பிரித்துப் பார்ப்போம்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு தட்டின் படத்தைக் காட்டுகிறது. அதன் சாரத்தை எளிதாக இப்படிச் சொல்லலாம்: தட்டில் பாதி காய்கறி, கீரை, பழம். மீதிப் பாதியை அரிசி, கோதுமை, சிறுதானியம் போன்றவையும், பருப்பு, முட்டை, மீன், கறி போன்றவையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இவற்றோடு பால் அல்லது தயிர், கொஞ்சம் கடலை வகை.

நம் வீட்டு மதியத் தட்டு எப்படி இருக்கிறது? முக்கால் பங்கு சோறு. அதன் மேல் ஆணம். ஓரத்தில் இரண்டு கறித் துண்டு. காய் என்று பார்த்தால் ஒரு கரண்டி பொரியல், அதுவும் பல வீடுகளில் வெள்ளிக்கிழமையும் விருந்து நாளும் இருக்காது. இரவில் பரோட்டாவும் சால்னாவும் என்றால் அன்றைக்குக் காய்கறியே இல்லை.

'நாம்தான் கறி சாப்பிடுகிறோமே, புரதத்துக்கு என்ன குறை?' என்ற எண்ணமும் நமக்கு உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. ஆறு பேர் உள்ள வீட்டில் எலும்போடு அரைக் கிலோ ஆட்டுக்கறி ஆணம் வைக்கிறார்கள். எலும்பு போக 350 கிராம் சதை என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்குக் கிடைப்பது 60 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் புரதம் சுமார் 12 கிராம்தான். அதாவது தேவையில் கால் பங்கு. சோற்றிலிருந்து கொஞ்சம் வரும். மீதி எங்கிருந்து வரும்? பருப்பு, முட்டை, தயிர், சுண்டல் இவற்றிலிருந்துதான் வர வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. 50 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 10 கிராம் இருக்கிறது. கறி வைத்த நாளில் பருப்பு எதற்கு என்று ஒதுக்குவது சரியல்ல.

இந்த விஷயத்தில் நம் சமையலிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. தால்ச்சாவில் பருப்பும், கத்தரிக்காய், சுரைக்காய் போன்ற காய்களும், எலும்புக் கறியும் ஒன்றாகச் சேர்கின்றன. அதை விருந்தில் நெய்ச்சோற்றுக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளாமல், எண்ணெயைக் குறைத்து, காயைக் கூட்டி, வாரம் ஒருமுறை வீட்டிலும் வைக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் சேருபவை

சர்க்கரை: ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 5 கிராம். இரண்டு கரண்டி போட்டு ஒரு நாளில் நான்கு தேநீர் குடித்தால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, சராசரி உணவு உண்ணும் ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. தேநீரிலேயே 40 போய்விட்டால் பிஸ்கட்டுக்கும், குளிர்பானத்துக்கும், ஹல்வாவுக்கும் இடம் எங்கே? நாட்டுச்சர்க்கரை, தேன் என்று மாற்றிக்கொண்டாலும் உடலுக்கு அதுவும் சர்க்கரைதான்.

எண்ணெய்: ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 27 கிராம் எண்ணெய், நெய் போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டு மளிகைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், நிலைமை தெரிந்துவிடும்.

உப்பு: ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஆணத்தில் போடுவதோடு கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கடைசியாகச் சாப்பிடுபவர்

ஊட்டச்சத்துப் பற்றிப் பேசும்போது தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. யாருடைய தட்டில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பல வீடுகளில் ஆண்களும் பிள்ளைகளும் விருந்தாளிகளும் சாப்பிட்டு முடித்த பிறகே சமைத்த பெண்கள் உட்காருகிறார்கள். அப்போது சட்டியில் இருப்பது மசாலாவும் அடிச்சோறும்தான். கறித் துண்டும் மீனும் முட்டையும் முன்னாலேயே தீர்ந்திருக்கும். ஆனால் உடலின் தேவை நேர்மாறாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. பெண்ணுக்கு 29 மில்லிகிராம். மாதவிடாயில் இரத்தம் போவதே காரணம். அதிகம் தேவைப்படுபவருக்குக் குறைவாகக் கிடைப்பதால்தான், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் களைப்பு, தலைசுற்றல், பிரசவ நேரச் சிக்கல் எல்லாம் வருகின்றன. 'அவளுக்கு எப்போதும் சோம்பல்' என்று நாம் சொல்வதில் எத்தனை பேருக்கு உண்மையில் இரத்தசோகையோ!

வீட்டாரின் உரிமைகளைப் பேணுவதை மார்க்கம் நம் மீது கடமையாக்கியுள்ளது. பங்கு வைக்கும்போதே சமைத்தவருக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் எடுத்து வைப்பது அந்தக் கடமையில் சேர்ந்ததுதான். முடிந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருவோம். சஹனில் சேர்ந்து உண்ணும் பழக்கம் உள்ள சமுதாயத்துக்கு இது கடினமல்ல.

இரும்புச்சத்துக்கு ஈரல், இறைச்சி, மீன் நல்லவை. இவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்கும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு குறைவாகவே சேரும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றைச் சேர்த்து உண்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறையும், எனவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பேரீச்சம்பழம் நல்ல உணவுதான். ஆனால் இரத்தசோகை வந்த பிறகு நான்கு பேரீச்சம்பழத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் சொல்லும் மாத்திரையும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அரசுப் பள்ளிகளிலும் மாணவிகளுக்குத் தருகிறார்கள். அவற்றை வாங்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

நோன்பும் விருந்தும்

நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி அருமையான உணவு. அரிசியும் பாசிப்பருப்பும், வெந்தயமும் பூண்டும், சில ஊர்களில் கைமாவும் சேர்வதால் சக்தி, புரதம், நீர் மூன்றும் ஒரே கோப்பையில் கிடைக்கின்றன. சிக்கல், கஞ்சியைச் சுற்றி வைக்கும் வடை, சமோசா, பஜ்ஜி, ரோஸ்மில்க்கில்தான். பகலெல்லாம் காத்த வயிற்றை அரை மணி நேரத்தில் எண்ணெயால் நிரப்பினால், தராவீஹில் நிற்பதே சிரமமாகிவிடுகிறது. பொரித்ததில் ஒன்றோடு நிறுத்தி, பழமும் சுண்டலும் வைப்போம். சஹரில் வெறும் சோற்றைவிட முட்டை, பருப்பு, தயிர் சேர்ந்த உணவு பசியை நெடுநேரம் தாங்கும்.

நீரிழிவுக்கு மருந்தும் இன்சுலினும் எடுப்பவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகையை ஏற்பது ஈமானின் குறைவல்ல.

வலீமாவில் பிரியாணி போடுவதும் உண்பதும் தவறல்ல. பிரியாணி ஒரு நாள் விருந்தாக இருக்கும்வரை சிக்கலில்லை. வாரத்தில் நான்கு நாள் அதுவே இரவுச் சாப்பாடாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த வாரமே தொடங்கலாம்

1. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் காயோ கீரையோ வையுங்கள். முருங்கைக்கீரை பல வீட்டுக் கொல்லையில் காசில்லாமலே கிடைக்கிறது.
2. விலை உயர்ந்த மீன்தான் சத்து என்று எண்ணாதீர்கள். மத்தி மலிவானது, இதயத்துக்கு நல்ல கொழுப்பு உள்ளது. நெத்திலியை முள்ளோடு உண்டால் கால்சியமும் கிடைக்கும்.
3. தேநீரில் சீனியை வாரம் கால் கரண்டியாகக் குறையுங்கள். நாக்கு பழகிவிடும்.
4. பிள்ளைகளின் மாலைத் தீனியாகச் சிப்ஸுக்குப் பதில் வேர்க்கடலை, சுண்டல், வாழைப்பழம் கொடுங்கள்.
5. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் சூடாக்காதீர்கள்.
6. 30 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பாருங்கள். பெண்கள் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.
7. பசி தீர்ந்ததும் எழுந்துவிடுங்கள். வயிற்றில் மூச்சுக்கும் இடம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை அடிக்கடி பயானில் கேட்கிறோம். அதைச் சாப்பாட்டு விரிப்பிலும் நினைவில் வைப்போம்.

ஏற்கெனவே நோய் உள்ளவர்கள், குறிப்பாகச் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

இந்த உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானத். சம்பாதிப்பதில் ஹலாலைப் பேணுகிறோம், அறுப்பதில் பேணுகிறோம். உண்பதில் தய்யிபையும் பேணினால்தான் அந்த அமானத்தைக் காத்தவர்களாவோம். நம் வீடுகளில் உள்ள பெரியவர்கள், பெண்கள், பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல இறைவன் நோயற்ற வாழ்வையும் வணக்கத்துக்கு வலிமையுள்ள உடலையும் தந்தருள்வானாக. ஆமீன்.