பலகை வீடா, இரும்புச் சட்ட வீடா?

சென்ற மாதம் லாயாங் லாயாங் பட்டணத்து ஒட்டுக்கடையில் நாம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வயது 58. பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை அறுத்து முதுகு வளைந்தவர்.

"இன்னும் ரெண்டு வருசம். அப்புறம் தோட்டத்து வீட்ட ஒப்படைக்கணும். மச்சான் பேருல துண்டு நெலம் இருக்கு. நான் பலகை வீடு போடலாம்னா, பிள்ளைங்க இரும்புல கட்டுங்குதுங்க. நீங்க சொல்லுங்க தம்பி" என்றார்.

'மச்சான் பேருல' என்றதுமே நமக்குத் திக்கென்றது. 2013 ஜூலை முதல் நம் நாட்டில் ஓய்வு வயது 60. சேமநிதிப் பணத்தை 55 வயதிலேயே எடுக்கலாம். ஆனால் அது ஒரு தரம்தான் கைக்கு வரும் பணம். அதைக் கொண்டுபோய் அடுத்தவர் பெயரில் இருக்கும் நிலத்தில் நட்டுவிட்டு, நாளைக்கு மச்சான் கண்ணை மூடினால், அவர் பிள்ளைகளிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். கிராண்டில் பெயர் ஏறட்டும். அது விவசாய நிலமா, வீட்டு நிலமா என்று நில அலுவலகத்தில் கேட்கட்டும். கட்டட வரைபடத்துக்கு அனுமதியும் வேண்டும். இரும்போ பலகையோ, பிறகு பார்க்கலாம்.

சரி, பலகையைப் பற்றி. நம் அப்பன் பாட்டன் பலகை லயத்தில்தான் வாழ்ந்தார்கள். செங்கால் மரம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம். ஆனால் அது நம் சம்பளத்துக்கு எட்டுமா? கைக்கு அடக்கமாய்க் கிடைப்பது மட்டமான கலப்பு மரம். பழைய பால்மரக் காட்டை அழித்த மண்ணென்றால் இன்னும் மோசம். அடிக்கட்டையும் வேரும் உள்ளேயே கிடக்கும். கறையானுக்கு அது தீபாவளி. தின்று முடித்ததும் மண்குழாய் கட்டிக்கொண்டு தூணில் ஏறிவிடும்.

இரும்புச் சட்டத்தைக் கறையான் தின்னாது. இதில் மறுப்பே இல்லை. துத்தநாகம், அதாவது சிங்க், பூசிய மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் சட்டமாக்கி, ஸ்க்ரூ போட்டு நிறுத்துகிறார்கள். மரத்தைப் போல ஊறாது, வளையாது. வேலையும் சீக்கிரம் முடியும்.

ஆனால் எஃகின் உயிர் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. நாம் பார்த்த ஒரு வீட்டில் ஆட்கள் கிரைண்டரை வைத்துத் தீப்பொறி பறக்க அறுத்தார்கள். அறுத்த ஓரத்தில் பூச்சு கருகிப் போயிற்று. பொறி விழுந்த இடமெல்லாம் துருப்புள்ளி. கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். அடிச்சட்டத்தை ஈர சிமிந்தியில் நேராகப் புதைக்க விடாதீர்கள், பூச்சை அரித்துவிடும். 2006 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மார்ச் வெள்ளத்தையும் பார்த்த குளுவாங் மாவட்டத்துக்காரர்களுக்கு மேடை உயரமாகவே வேண்டும். சட்டத்துக்குள் சேறு தங்கினால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. தகட்டின் ஓரம் கத்தி மாதிரி கூர்மை. மின்கம்பியின் தோலைக் கீறிவிட்டால் வீட்டுச் சட்டம் முழுவதும் மின்சாரம் ஏறும். சுவரில் ஆணியடித்துத் துணி மாட்டுகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சட்டத்துக்கு எர்த்து கம்பி, கம்பி நுழையும் துளைகளுக்கு ரப்பர் வளையம், கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சு, இவை மூன்றும் இல்லாமல் குத்தகைக்காரருக்குக் கடைசிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். லைசென்ஸ் உள்ள மின்பணியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

எடை குறைவு என்பதும் ஒரு வம்பு. புயல்காற்றில் கூரையோடு தூக்கும். இந்த ஊர்ப் பெயருக்கே மலாயில் காற்றாடி என்று ஒரு அர்த்தம் உண்டு; வீடு காற்றாடி ஆகக்கூடாது. ஒவ்வொரு சட்டமும் அடித்தளத்தோடு போல்ட் போட்டு இறுக வேண்டும். கூரைக்குக் கீழே வெப்பம் தடுக்கும் விரிப்பு இல்லாவிட்டால், பழைய தகரக் கூரை லயத்தின் மத்தியான வெக்கைதான் மறுபடியும்.

"தீப்பிடிச்சா?" என்றார் அண்ணன். இரும்பு எரியாது, ஆனால் 600 டிகிரி சூட்டில் பாதி பலத்தை இழந்து தொய்ந்துவிடும் என்றோம்.

"அப்ப, நீங்க எதத்தான் கட்டச் சொல்றீங்க?"

நம் மனசுக்குப் பட்டதைச் சொன்னோம்: அந்த மண்ணுக்கு இரும்புச் சட்டம்தான். ஆனால் சட்டத்தின் தடிப்பையும் பூச்சையும் எழுதிக் கையெழுத்திட்ட இஞ்சினியர் வரைபடத்தோடு.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, திங்கட்கிழமை மச்சானைக் கூட்டிக்கொண்டு நில அலுவலகம் போவதாகச் சொல்லி, நம்மைக் காசு கொடுக்க விடாமல் எழுந்தார்.