முயலின் வயிற்றுக்கு ஏற்ற உலர்புல்

கமக்காரர் வீடுகளிற் பிள்ளைகள் ஆசையாக முயல் வளர்ப்பதுண்டு. தோட்டத்திற் கழிக்கப்படும் கோவா இலையும் கரட்டும் இருக்கையில் அதற்கு வேறு உணவு எதற்கு எனப் பலர் எண்ணுவர். முயலும் அவற்றை விரும்பியே உண்ணும். ஆயினும், அவற்றை மட்டும் உண்டுவந்த முயல் ஒருநாள் திடீரென உணவை வெறுத்து, வயிறு ஊதி இறந்துவிடலாம். நார்ப்பொருட் குறைவே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

குடல் இயங்கும் விதம்

முயல் பசுவைப்போல் அசைபோடுவதில்லை; வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. ஆகவே, உண்ட உணவு குடல் வழியே முன்னோக்கிச் சென்றேயாக வேண்டும். அவ்வியக்கத்தைத் தூண்டுவது முரடான நாராகும். நுண்ணிய பகுதிகள் குருட்டுக்குடலில் தங்கி, நுண்ணுயிர்களாற் புளிக்கவைக்கப்பட்டு, மென்மையான புழுக்கைகளாக வெளிவரும். முயல் இவற்றை மீண்டும் உண்பது இயற்கையே, அதனைத் தடுத்தலாகாது. நார் குறைந்து மாப்பொருளும் இனிப்பும் மிகுந்தால், நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு, வாயு நிறைந்து, குடலியக்கம் நின்றுவிடும். மேலும், ஓயாது வளரும் முயலின் பற்கள் தேய்வதற்கும் புல்லை மெல்லுதல் இன்றியமையாதது.

எப்புல் நன்று?

வளர்ந்த முயலின் உணவில் நூற்றுக்கு 80 பங்கேனும் புல்லாகவோ உலர்புல்லாகவோ இருத்தல் வேண்டும். குளிர்நாடுகளில் இதற்குத் திமோத்திப் புல்லைப் பயன்படுத்துவர். எமது நாட்டில் தென்னந்தோட்டங்களிலும் வீதியோரங்களிலும் தழைத்து வளரும் கினிப்புல் இதற்கு உதவும். லூசேர்ன் போன்ற அவரையினத் தீவனம் 6 மாதத்துக்குட்பட்ட குட்டிகளுக்குப் பொருந்தும். வளர்ந்த முயலுக்கு அதிலுள்ள புரதமும் கல்சியமும் மிகையாகும். சிறுநீர்ப்பையிற் கல் உண்டாகவும் இடமுண்டு.

வைக்கோல் போதாதா எனக் கேட்கலாம். அதில் நார் உண்டு. புரதமும் விற்றமின்களும் மிகக் குறைவு. எனவே, வைக்கோலைப் படுக்கையாக இடுக. முழு உணவாகக் கொள்ளற்க.

உலர்த்தும் முறை

கினிப்புல்லைப் பூக்குமுன் வெட்டுதல் வேண்டும். முற்றிய புல்லிற் சத்துக் குறையும். வெட்டிய புல்லை மெல்லிதாகப் பரப்பி, 2 அல்லது 3 நாள் வெயிலிற் காயவிடுக. பகலிற் பலமுறை புரட்டி, மாலையிற் பனி படாது மூடுக. வறண்ட வலயத்தில் யூலை, ஓகத்து மாதங்கள் இதற்கு வாய்ப்பானவை. ஒரு பிடி புல்லை முறுக்கும்போது தண்டு முறிய வேண்டும். கையில் ஈரம் தோன்றலாகாது. 100 கிலோ பச்சைப் புல்லிலிருந்து 25 தொடக்கம் 30 கிலோ வரை உலர்புல் கிடைக்கும். நல்ல உலர்புல் பச்சை நிறம் மாறாது, நறுமணமுடையதாயிருக்கும். அதனை நிலத்திற் படாது பரணிற் சேமிக்குக.

எச்சரிக்கை

பூஞ்சணம் பிடித்த, தூசி நிறைந்த புல்லை முயலுக்கு இடவேண்டாம். களைநாசினியோ பூச்சிநாசினியோ தெளித்த வரம்புகளிற் புல் வெட்டவும் வேண்டாம். உணவை மாற்றும்போது 7 தொடக்கம் 10 நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுக. உலர்புல்லும் தூய நீரும் எந்நேரமும் கூட்டில் இருத்தல் வேண்டும்.

நாள்தோறும் காலையிற் புழுக்கைகளைக் கவனிக்க. அவை சிறுத்தாலோ குறைந்தாலோ நோய் தொடங்கிவிட்டதென அறியலாம். முயல் உணவை மறுத்து, புழுக்கையிடாது, கூனிக் குறுகி இருப்பின், 12 மணித்தியாலத்துக்கு மேல் தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க. மறுநாள் பார்க்கலாம் என விட்டுவைத்தால் முயல் பிழைப்பது அரிது.