இடப்பக்கம் மட்டும்
பந்தய மண் – 9

இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயக் களமாக மாறிய சோழவரம் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்ததும் சோழவரத்தின் காலம் முடிந்தது. இந்த வாரம், நம் ஊரில் வேரே பிடிக்காத ஒரு பந்தயம்: குட்டி நீள்வட்டத் தடத்தில் ஓடும் ஸ்டாக் கார் பந்தயம். தடம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. கார், தெருவில் ஓடும் காரின் சாயலில் இருக்கும். ஓட்டுபவர் பெரும்பாலும் திங்கள்கிழமை காலையில் வேறு வேலைக்குப் போக வேண்டியவர்.

புதுச்சேரிக்காரர்களுக்கு நீள்வட்டத்தை விளக்கத் தேவையில்லை. பழைய நகரத்தைச் சுற்றியுள்ள புல்வார்டு சாலைகள் அந்த வடிவம்தான். காலையில் கடற்கரைச் சாலையைத் திறந்துவிட்டதும் வடக்கு பார்த்துக் கிளம்புங்கள். படேல் சாலையில் இடப்பக்கம், அண்ணா சாலையில் இடப்பக்கம், சுப்பையா சாலையில் இடப்பக்கம், ரயில் நிலையத்தைத் தாண்டினால் மறுபடி கடல். ஒரு சுற்று முடிந்தது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேலையே வரவில்லை. அமெரிக்க நீள்வட்டப் பந்தயமும் இப்படித்தான், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்.

“இதில் என்ன பெரிய வித்தை?” என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. இடப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப்பக்க டயர்கள்மேல் சாயும். அதை ஈடுகட்ட, கனமான பாகங்களை எல்லாம் விதி அனுமதிக்கும் அளவுக்கு இடப்பக்கம் தள்ளி வைக்கிறார்கள். பின்சக்கரங்களில் வலப்பக்க டயரின் சுற்றளவு இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளரைத் தரையில் உருட்டினால் அது நேரே போகாமல் வட்டமடிக்கும் அல்லவா? அதே கணக்கு. வளைவில் அந்தக் கார் தானாகவே திரும்பப் பார்க்கும். நேர்பாதையில் அதை நேராகப் பிடித்து வைப்பதுதான் பாடு.

அடுத்தது பிரேக். வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் தடத்தை எடுத்துக்கொள்வோம். 1947-இல் திறந்தது, நீளம் 0.526 மைல், அதாவது சுமார் 850 மீட்டர். இரண்டு நேர்பாதைகள், இரண்டு இறுக்கமான கொண்டைவளைவுகள். மேலிருந்து பார்த்தால் காகிதம் செருகும் கிளிப் மாதிரி இருக்கும். வளைவின் சாய்வு 12 டிகிரிதான். ஒரு சுற்றுக்கு 20 விநாடி சொச்சம். அதற்குள் இரண்டு முறை வேகம் பிடித்து இரண்டு முறை அழுத்திப் பிரேக் போட வேண்டும். இரவுப் பந்தயத்தில் சக்கரத்துக்குள் பிரேக் டிஸ்க் பழுக்கக் காய்ந்து சிவப்பதைப் பார்க்கலாம். முதல் பாதியில் பிரேக்கைத் தின்றுவிட்டவர் பின்பாதியில் வழிவிட்டுக்கொண்டே இருப்பார்.

2010 மார்ச்சில் அந்தத் தடத்தில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் ஓட்டினார். நரேன் கார்த்திகேயன்! 1992-இல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்ட் பள்ளியில் பந்தயம் பயின்றவர், 2005-இல் ஃபார்முலா ஒன்றுக்குள் போன முதல் இந்தியர். அதே ஆண்டு இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்தார். அந்தப் பந்தயத்தின் முடிவை எழுதியதும் ஒரு நீள்வட்ட வளைவுதான். பழைய நீள்வட்டத்தின் சாய்ந்த வளைவொன்று அந்தத் தடத்தில் சேர்ந்திருந்தது. அங்கே வந்த அழுத்தத்தை மிஷெலின் டயர்கள் தாங்காமல் போக, 14 கார்கள் விலகிக்கொண்டன. ஆறு மட்டுமே ஓடின. ஐந்தாண்டு கழித்து, அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்காரின் டிரக் வரிசைக்குப் போன நரேன், மார்ட்டின்ஸ்வில் முதல் பந்தயத்தில் 13-ஆவதாக முடித்தார். அந்த ஆண்டின் இறுதியில் ரசிகர் வாக்கில் அந்த வரிசையின் மிகப் பிரபலமான ஓட்டுநரும் அவர்தான்.

நரேன் தொழில்முறை ஓட்டுநர். இந்தப் பந்தயத்தைத் தாங்கிப் பிடிப்பவர்களோ சனிக்கிழமை ஓட்டுநர்கள். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் போமன் கிரே என்றொரு நகராட்சி மைதானம். நடுவில் அமெரிக்கக் கால்பந்து ஆடுவார்கள், சுற்றிலும் கால் மைல் தார்ப்பாதை. நம் உப்பளம் மைதானத்தின் 400 மீட்டர் ஓட்டப்பாதையின் நீளம்தான்! 1949 முதல் அங்கே நாஸ்கார் வாராந்திரப் பந்தயம் நடக்கிறது.

இப்படிப்பட்ட தடங்களில் சனிக்கிழமை மதியமே காரை டிரெய்லரில் ஏற்றி வந்துவிடுவார்கள். முதலில் சோதனை: எடை, உயரம், டயர், பாதுகாப்புக் கம்பிக்கூடு. பிறகு பயிற்சிச் சுற்றுகள். “முன்பக்கம் இழுக்கிறது, திரும்ப மாட்டேன் என்கிறது” என்று ஓட்டுபவர் சொன்னால், உதவிக்கு வந்த மச்சானோ நண்பரோ டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பார். மாலையில் எட்டுப் பத்து சுற்றுக் குறும்பந்தயங்கள், இரவில் இறுதிப் பந்தயம். இடையில் உரசி நசுங்கிய தகட்டைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்திவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு நிற்பார்கள். பல இடங்களில், வேகமாக வந்தவரைக் கடைசி வரிசைகளில் நிறுத்திக் கிளப்புகிறார்கள். சில மலிவுப் பிரிவுகளில் இன்னொரு விதி உண்டு: ஜெயித்தவரின் எஞ்சினை, முன்பே அறிவித்த விலைக்குத் தோற்றவர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். லட்சக்கணக்கில் எஞ்சினில் கொட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

பணத்துக்கு இப்படிக் கடிவாளம் போட்டதால்தான் மெக்கானிக்கும் விவசாயியும் அங்கே ஓட்ட முடிகிறது. தடம் சின்னது என்பதால், பார்க்க வந்தவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே முழுப் பந்தயமும் தெரியும். ஓட்டுபவர் அடுத்த தெருக்காரர். அவருக்குக் கைதட்டவும் ஆள் உண்டு, கூச்சல் போட்டுத் திட்டவும் ஆள் உண்டு.

புதுச்சேரியில் ஓர் இளைஞருக்கு இந்த ஆசை வந்தால்? இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம் வேண்டும், பயிற்சி வேண்டும், தீப்பிடிக்காத உடுப்பு வேண்டும். திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் என்று மூன்று மணி நேரம் போனால் இருங்காட்டுக்கோட்டை; 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள சர்வதேசத் தடம். நல்ல தடம்தான். ஆனால் நீச்சல் பழகக் குளமே இல்லாத ஊரில் கடலைக் காட்டுவது எப்படி நியாயம்? நம் பந்தயங்கள் டயர் கம்பெனிகளின் தயவில் வளர்ந்தவை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கம்பெனி நடத்தும் பந்தயத்தில் திறமையைத் தேடுவார்கள். ஊர் நடத்தும் பந்தயத்தில் ஆசை மட்டும் இருப்பவனுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

குடியிருப்பை விட்டுத் தள்ளி 400 மீட்டர் தார்ப்பாதை, ஒரே ரகப் பழைய கார்கள், உறுதியான கம்பிக்கூடு, கறாரான சோதனை, நிறுத்திவைத்த ஆம்புலன்ஸ். ஒரு சிறிய தடத்துக்கு அடிப்படையாக வேண்டியவை இவைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு நேரத்தில் வேகம் காட்டும் பையன்களை விரட்டிப் பிடிக்க ஆகும் செலவோடு இதையும் ஒருமுறை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

(அடுத்த வாரம்: கோவையில் பந்தயக் கார்களைக் கட்டிய கரிவரதன், அவர் பெயர் தாங்கிய செட்டிப்பாளையம் தடம்)