கூச்ச சுபாவம் உள்ளவரா? கல்லூரி முதல் ஆண்டில் கேட்டுப் பெற வேண்டியவை

கடலூர் அருகே திருவந்திபுரத்தில், தேவநாத சுவாமி கோயிலை ஒட்டிய ஔஷதகிரி மலைமேல் ஹயக்ரீவர் சன்னதி இருக்கிறது. கல்விக்குரிய தெய்வம் என்பதால் பொதுத்தேர்வு நேரத்தில் படியெங்கும் பிள்ளைகள்தான். "நல்ல மார்க் வரணும், நல்ல காலேஜ் கிடைக்கணும்" என்று மனசு விட்டுக் கேட்கிறார்கள். அவர்களில் சிலர் சீட் கிடைத்துக் கல்லூரிக்குள் நுழைந்ததும், அலுவலக ஜன்னல் முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டு, அப்படியே வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கூச்சம் நோய் அல்ல. அதை விரட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் கேட்காமல் இருப்பதற்கு முதல் ஆண்டில் ஒரு விலை உண்டு. பள்ளியில் வகுப்பாசிரியருக்கு உங்கள் பெயர், வீடு, குடும்பம் எல்லாம் தெரியும். வாயே திறக்காத பிள்ளைக்கும் அவரே கூப்பிட்டுப் படிவத்தை நிரப்பி வாங்கிக்கொள்வார். கல்லூரியில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள், வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி, அவ்வளவுதான். கடைசித் தேதி போனால் போனதுதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

திருவந்திபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வழக்கமான வழிகள் இரண்டு. ஒன்று, கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள பெரியார் அரசு கலைக் கல்லூரி. மற்றது, சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1929-ல் தொடங்கப்பட்டு, 2013-ல் தனிச் சட்டம் மூலம் அரசின் பொறுப்புக்கு வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம். முதலாவதில் ஊர்க்காரர் யாராவது கண்ணில் படுவார்கள். அண்ணாமலை நகரில் வளாகமே ஒரு தனி ஊர். முதல் மாதம் எந்தத் துறை எந்தக் கட்டடம் என்பதற்கே நாலு பேரைக் கேட்க வேண்டியிருக்கும்.

எங்கே படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது உதவித்தொகை. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024). அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைப் பெறத் தடையில்லை. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். அங்கே இதற்கென ஒரு பொறுப்பு அலுவலர் இருப்பார், அவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாருக்கும் வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரலை" என்று மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட வேண்டாம். பல நேரம் காரணம் சின்னதுதான்: வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டிருக்காது, அல்லது வேறொரு பழைய கணக்கில் இணைந்திருக்கும். வங்கியில் ஒரு முறை கேட்டால் தெரிந்துவிடும்.

பஸ் விஷயம் சுலபம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் விடியல் பயணம், பாஸ் தேவையில்லை. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, அதற்கும் கல்லூரியில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதுதான் பலருக்குச் சிக்கல். பேச்சு வராவிட்டால் எழுதுங்கள். பெயர், துறை, பதிவு எண், என்ன வேண்டும் என்று ஒரு வரி. தாளை நீட்டினால் போதும், எதிரில் இருப்பவர் மீதியைக் கேட்டுக்கொள்வார். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போகலாம். உங்களைப் போலவே கடைசி பெஞ்சில் அமைதியாக இருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம், அவருக்கும் அதே சந்தேகம் இருக்க வாய்ப்பு அதிகம். பாடத்தில் சந்தேகம் என்றால் வகுப்பு முடிந்து பேராசிரியர் வெளியே வரும்போது கேளுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் திணற வேண்டாம், தமிழில் கேட்டால் போதும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குக் கூச்சத்தோடு ஆங்கில பயமும் சேர்ந்துகொள்வதால், நான் முதல்வன் திட்டத்தில் வரும் ஆங்கிலத் தொடர்புத் திறன் பாடத்தை ஒப்புக்கு உட்கார்ந்து கழிக்காதீர்கள். முதல் வாரத்திலேயே மைக்கைக் கையில் கொடுத்து "உன்னைப் பத்திச் சொல்லு" என்று கட்டாயப்படுத்துவதைக் கல்லூரிகளும் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கூச்சப்படவே கூடாது, அது ராகிங். 1996 நவம்பரில் இதே அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாம் ஆண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். தமிழ்நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்ததுதான் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதோடு, தண்டனை பெற்ற மாணவர் கல்லூரியிலிருந்தும் நீக்கப்படுவார். புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரி நிர்வாகமும் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படும். "சீனியர்னா அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதை நினைவில் வையுங்கள். யுஜிசி உதவி எண் 1800-180-5522, 24 மணி நேரமும் இயங்கும். போனில் சொல்ல வாய் வராதவர்கள் அதன் ராகிங் தடுப்பு இணையதளத்தில் எழுதியும் புகார் தரலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விடுமுறைக்கு வரும் பிள்ளையை உறவினர் முன் நிறுத்தி "இவன் வாயே திறக்க மாட்டான்" என்று சொல்லாதீர்கள். ஸ்காலர்ஷிப் வந்ததா, சாப்பாடு எப்படி, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று தனியாகக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் நிறையச் சொல்லும்.

வகுப்புக்குப் போகவே பிடிக்கவில்லை, தூக்கமில்லை, யாரிடமும் பேசத் தோன்றவில்லை என்று வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதைக் கூச்சம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அரசின் "நட்புடன் உங்களோடு" மனநல சேவைக்கு 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் "நான் காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்" என்று சொன்னால் போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள்.