கல்லும் வேணாம், பஞ்சும் வேணாம்: ரேஸ் குவாட் பைக்கின் சஸ்பென்ஷனை டியூன் பண்றது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

குவாட் பைக்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வர்றது பீச்லயோ ரிசார்ட்லயோ பத்து நிமிஷத்துக்கு வாடகைக்கு விடுற அந்த நாலு சக்கர வண்டிதான். இன்னைக்கு பேசப் போறது அதோட முரட்டு அண்ணன் பத்தி. அமெரிக்காவுல மோட்டோகிராஸ் டிராக்ல ஜம்ப் அடிக்கிற, 2009-லேர்ந்து 2024 வரைக்கும் டாக்கர் ராலியில தனிப் பிரிவாவே ஓடின ரேஸ் குவாட்.

உதாரணத்துக்கு யமஹா ஒய்எஃப்இசட்450ஆர் எடுத்துக்கலாம். 449 சிசி இன்ஜின், எடை ஏறக்குறைய 184 கிலோ. முன் சக்கரம் மேலும் கீழுமா சுமார் 250 மி.மீ. நகரும், பின் சக்கரம் சுமார் 280 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு அடி ஸ்கேலோட நீளம்! இந்த தூரத்தை எப்படிச் செலவு பண்றோம்கிறதுதான் சஸ்பென்ஷன் டியூனிங். சும்மா வசதிக்காக இல்ல. தப்பா செட் பண்ண வண்டி ஜம்ப்ல ஓட்டுறவரை ஹேண்டில்பாருக்கு மேல தூக்கி எறியும், பின்னாடியே அந்த 184 கிலோவும் வந்து விழும்.

முதல்ல ஒரு குட்டி வரலாறு

1970-ல ஹோண்டா அமெரிக்காவுல மூணு சக்கர ஏடிசி வண்டியைக் கொண்டு வந்தப்போ அதுல ஸ்பிரிங்கே கிடையாது. பலூன் மாதிரி உப்பின டயர்தான் சஸ்பென்ஷன். டயர் ஒரு நல்ல ஸ்பிரிங். ஆனா அமுங்கினதை அப்படியே திருப்பிக் குடுத்துடும், குதிச்சிட்டே இருக்கும். மூணு சக்கரம் வேற, திருப்பத்துல சாயும். விபத்துகள் பெருகி, 1988-ல அமெரிக்க அரசோட போட்ட ஒப்பந்தத்துல கம்பெனிகள் மூணு சக்கர வண்டி விக்கிறதை நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடியே, 1985-ல சுசூகி எல்டி250ஆர், 1986-ல ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர்னு ஒழுங்கான சஸ்பென்ஷனோட ரேஸ் குவாட்கள் வந்தாச்சு.

பைக் மாதிரி இல்ல, கார் மாதிரியும் இல்ல

பைக் திருப்பத்துல சாயும். குவாட் சாயாது, அதனால வெளிப்பக்கமா உருளப் பார்க்கும். கார் மாதிரி அகலமும் கிடையாது. மோட்டோகிராஸ் குவாட்டோட அகலம் 50 இன்ச்சுக்குள்ளதான். பின்னாடி டிஃபரென்ஷியலும் இல்ல, ஒரே ஆக்சில்ல ரெண்டு சக்கரம். ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தும். அதனால திருப்பத்துல உள்பக்கப் பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கியோ தூக்கியோ ஆகணும்.

முன்னாடி மட்டும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி ஏ-ஆர்ம், தனித்தனி ஷாக். பின்னாடி ஸ்விங்ஆர்ம், ஒரே ஷாக். ஆக மொத்தம் மூணு ஷாக், நாலு டயர், ஒரு மனுஷன். அந்த மனுஷனும் சும்மா உக்காந்திருக்கிறவர் இல்ல, திருப்பத்துக்கு உள்பக்கம் உடம்பைத் தொங்கவிட்டு பேலன்ஸ் பண்றவர்.

ஸ்பிரிங் ஒண்ணு, டேம்பர் இன்னொண்ணு

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது செகண்ட் ஆர்டர் சிஸ்டம். மத்தவங்களுக்கு இப்படிச் சொல்றேன்: ஸ்பிரிங் *எவ்வளவு தூரம்* அமுங்குச்சுன்னு பார்க்கும். டேம்பர் *எவ்வளவு வேகமா* அமுங்குதுன்னு பார்க்கும். ஸ்பிரிங் சக்தியைச் சேமிச்சு வைக்கும். டேம்பர் அதைச் சூடாக்கி வெளியே விட்டுடும். அதனாலதான் நாலு லேப் ஓட்டினதும் ஷாக் தொட முடியாத அளவு சுடும். எண்ணெய் சூடாகி இளகினா டேம்பிங் குறையும். ஷாக் பக்கத்துல ஒட்டிட்டு இருக்கிற அந்தக் குட்டி டப்பா எக்ஸ்ட்ரா எண்ணெய்க்கும் நைட்ரஜன் அழுத்தத்துக்கும். அழுத்தம் இல்லன்னா எண்ணெய்ல குமிழ் வந்து டேம்பிங் காணாமப் போயிடும்.

ஒரு கணக்கு போடுவோம். 1 மீட்டர் உயரத்துலேர்ந்து தட்டையான தரையில விழுந்தா தரையைத் தொடுற வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், அதாவது மணிக்கு 16 கி.மீ. வண்டியும் ஆளும் சேர்ந்து 270 கிலோன்னா ஏறக்குறைய 2,650 ஜூல். டேம்பர் இல்லன்னா ஸ்பிரிங் இதுல பெரும்பகுதியைத் திருப்பித் தூக்கி அடிக்கும். எங்கே? உங்களைத்தான்.

படி 1: டயர்ல காத்து

இதை விட்டுட்டு நேரா ஷாக்கைத் திருகுறதுதான் எல்லாரும் பண்றது. கார் டயர்ல 30 பிஎஸ்ஐக்கு மேல இருக்கும், ரேஸ் குவாட்ல ஒற்றை இலக்கம்தான். 5 பிஎஸ்ஐல 1 கூடினா அது 20 சதவீத மாற்றம். பெட்ரோல் பங்க் கேஜ்ல இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் வேணும். டயர் அழுத்தம் நாளுக்கு நாள் மாறிட்டே இருந்தா, ஷாக்ல நீங்க எடுக்கிற எந்த முடிவுக்கும் அர்த்தம் இல்ல.

படி 2: சாக்

சாக்னா ஓட்டுறவர் ஏறி உக்காந்ததும் வண்டி எவ்வளவு இறங்குதுங்கிற அளவு. முதல்ல சக்கரங்கள் காத்துல தொங்குற மாதிரி வண்டியைத் தூக்கி, சக்கர மையத்துலேர்ந்து சேசிஸ்ல ஒரு புள்ளிக்கு அளக்கணும். அப்புறம் இறக்கி வச்சு, ஹெல்மெட், பூட் எல்லாம் மாட்டிட்டு ஏறி உக்காந்து, திரும்ப அளக்கணும். வித்தியாசம்தான் சாக். ஆரம்பத்துக்கு மொத்த தூரத்துல மூணுல ஒரு பங்கு. முன்னாடி 80 மி.மீ., பின்னாடி 90 மி.மீ. பக்கம்.

ஒரு சின்ன விஷயம். முன் சக்கரங்கள் ஏ-ஆர்ம்ல இறங்கும்போது அகலமும் மாறும், டயர் தரையில ஒட்டிக்கிட்டு நகராது. அதனால இறக்கினதும் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிட்டுதான் அளக்கணும். இல்லன்னா தப்பான நம்பர்தான் கிடைக்கும்.

இப்ப பெரிய குழப்பத்துக்கு வருவோம். ஸ்பிரிங் மேல இருக்கிற காலரை இறுக்கினா, அதாவது பிரீலோடு ஏத்தினா, ஸ்பிரிங் கெட்டியாகும்னு நிறைய பேர் நம்புறாங்க. ஆகாது. அது வண்டியோட உயரத்தைத்தான் தூக்கும். ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் தேவையான விசை அதேதான். கெட்டியாக்கணும்னா ஸ்பிரிங்கையே மாத்தணும்.

மாத்தணுமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆளோட சாக்கைச் சரியா செட் பண்ணிட்டு, இறங்கிடுங்க. வண்டி தன் எடையில மட்டும் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. ஆள் இல்லாம கொஞ்சம்கூட இறங்கலன்னா, ஸ்பிரிங் உங்களுக்கு ரொம்ப *மெலிசு*. மெலிசான ஸ்பிரிங்கைச் சமாளிக்கத்தான் அவ்வளவு பிரீலோடு ஏத்தியிருக்கீங்க. மாறா ரொம்ப இறங்கினா ஸ்பிரிங் *கெட்டி*. முதல் தடவை கேட்கும்போது தலைகீழா தோணும். நிதானமா யோசிச்சா சரியா இருக்கும்.

படி 3: கிராஸ்ஓவர்

ரேஸ் ஷாக்ல பெரும்பாலும் ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு, மூணு ஸ்பிரிங் இருக்கும். சீரிஸ்ல வச்ச கெப்பாசிட்டர் மாதிரிதான் கணக்கு. சமமான ரெண்டு ஸ்பிரிங்கை அடுக்கினா மொத்தக் கெட்டித்தனம் பாதி. அதனால சின்ன மேடுல பஞ்சு மாதிரி போகும். குறிப்பிட்ட இடத்துல ஒரு காலர் மேல் ஸ்பிரிங்கை நிறுத்திடும். அதுக்கப்புறம் கீழ் ஸ்பிரிங் மட்டும் வேலை பார்க்கும், கெட்டியாயிடும். அந்த இடம்தான் கிராஸ்ஓவர். சீக்கிரம் வந்தா ஜம்ப் இறங்குறதுக்கும் திருப்பத்துல உருளாம இருக்கிறதுக்கும் நல்லது. தாமதமா வந்தா குண்டும் குழியுமான பாதைக்கு நல்லது. மரங்களுக்கு நடுவுல ஓடுற ஜிஎன்சிசி மாதிரி காட்டு ரேஸ்ல மெதுவான செட்டிங் கேட்கிறது இதனாலதான்.

இன்னொரு கணக்கு: சக்கரம் 2 மி.மீ. நகரும்போது ஷாக் 1 மி.மீ.தான் நகருதுன்னா, சக்கரத்துல தெரியிற கெட்டித்தனம் ஸ்பிரிங்ல இருக்கிறதுல பாதி இல்ல, *கால் பங்கு*. விகிதம் ரெண்டு தடவை பெருகும். அதனால நண்பர் வண்டியோட ஸ்பிரிங் நம்பரை அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஏ-ஆர்ம் வேறன்னா கணக்கே வேற.

படி 4: ரீபவுண்டு, கம்ப்ரெஷன்

ரீபவுண்டு: அமுங்கின ஷாக் எவ்வளவு வேகமா நீளணும். ரொம்ப வேகம்னா ஜம்ப் முகத்துல பின்பக்கம் உதைக்கும். இதுதான் ஆளைத் தூக்கி எறியிற ரகம். ரொம்ப மெதுவுன்னா இன்னொரு பிரச்சினை: வரிசையா மேடு வரும்போது முதல் மேடுல அமுங்கினது நீளுறதுக்குள்ள அடுத்த மேடு வந்துடும். மூணாவது, நாலாவதுல ஷாக் அடியிலயே கிடக்கும். முதல் ரெண்டு மேடு சுகமா இருந்து, அப்புறம் கல்லு மாதிரி ஆச்சுன்னா காரணம் இதுதான். இதைக் "கெட்டி"ன்னு நினைச்சு ஸ்பிரிங்கை மாத்தக் கூடாது. ரீபவுண்டை ரெண்டு கிளிக் திறந்தா போதும்.

கம்ப்ரெஷன்ல லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடுன்னு ரெண்டு திருகு. இது வண்டியோட வேகம் இல்ல, ஷாக் தண்டோட வேகம்! 80 கி.மீ.ல வழுவழுப்பான திருப்பம் போனா அது லோ ஸ்பீடு. 15 கி.மீ.ல கூரான கல்லுல ஏறினா அது ஹை ஸ்பீடு. திருப்பத்துல உருளுது, பிரேக் அடிச்சா மூக்கு குத்துதுன்னா லோ ஸ்பீடைக் கூட்டணும். ஜம்ப் இறங்கும்போது அடி தட்டுதுன்னா ஹை ஸ்பீடைக் கூட்டணும். ஆனா அதுக்கு முன்னாடி சாக் சரியா இருக்கான்னு திரும்பப் பாருங்க.

கிளிக் எண்ணுறது எப்பவும் ஒரே முறையில: மெதுவா முழுசா மூடிட்டு, அங்கேர்ந்து திறந்து எண்ணணும். முன்னாடி இடது, வலது ரெண்டும் ஒரே எண்ணா இருக்கணும். இல்லன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

டெஸ்ட் பண்றது: நம்ம ஏரியா

சாஃப்ட்வேர்ல ஒரே கமிட்ல பத்து மாற்றம் போட்டா, எது பக்கை சரிபண்ணுச்சு, எது புதுசா பக் கொண்டு வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. இங்கேயும் அதேதான். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். அதே டிராக், அதே லைன், ரெண்டு லேப். ஷாக் சூடான பிறகுதான் கணக்கு. குறிச்சு வச்சுக்கணும், ஏன்னா நாளைக்கு மறந்துடும்.

பைசா செலவில்லாத சென்சார் ஒண்ணு இருக்கு. ஷாக் தண்டுல ஒரு ரப்பர் வளையம் மாட்டி மேல தள்ளி விடுங்க. ஓட்டி முடிச்சதும் அது எங்கே நிக்குதோ, அதுவரைக்கும் ஷாக் அமுங்கியிருக்கு. ஒரு லேப்ல மிகப் பெரிய ஜம்ப்ல மட்டும் லேசா அடி தொட்டா, அது நல்ல செட்டிங். கடைசி 50 மி.மீ. எப்பவுமே உபயோகமாகலன்னா, காசு குடுத்து வாங்கின தூரத்தைச் சும்மா சுமக்கிறீங்க.

இதனாலதான் "ரேஸ் வண்டின்னா கல்லு மாதிரி இருக்கணும்"கிறது தப்பு. கல்லு மாதிரி வண்டியில டயர் பாதி நேரம் காத்துல இருக்கும். காத்துல இருக்கிற டயர் திருப்பாது, பிரேக்கும் பிடிக்காது. அதோட, 20 நிமிஷ ரேஸ்ல முதல்ல தோற்கிறது வண்டி இல்ல, ஓட்டுறவரோட முன்கை. ஹேண்டில்பாரைப் பிடிக்கவே முடியாத அளவு மரத்துப்போகும். நல்ல சஸ்பென்ஷன் கடைசி லேப்லயும் அந்தக் கைக்குத் தெம்பு மிச்சம் வைக்கிறது.

காலேஜ்ல பாஜா எஸ்ஏஇ டீம்ல இருக்கிறவங்களுக்கு: உங்க வண்டியில ஸ்டீயரிங் இருக்கு, சீட் இருக்கு, ஆனா இந்த நாலு படியும் அப்படியே பொருந்தும். சாக் அளக்கிறதுக்குத் தேவை ஒரு டேப், ஒரு நோட்டு, கூட ஒரு நண்பர். இந்த வாரமே செஞ்சு பாத்துட்டு என்ன நம்பர் வந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல ஷாக்கைப் பிரிச்சு, உள்ள இருக்கிற அந்த மெல்லிய ஷிம் தகடுகள் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். சந்திப்போம்!